மருமகன் கார் எடுக்கப் போறாராம்

மாப்ளே, சேதி வந்துருச்சு. ஷார்ஜாவுல ரூம், துபாயில வேல, எமிரேட்ஸ் ஐடி இன்னும் கைக்கு வரல. ஆனா வண்டி கலர் மட்டும் முடிவாயிருச்சாம். வெள்ளையா சில்வரான்னு உங்கம்மா என்ட்ட வந்து யோசன கேக்குறா. ஆரப்பாளையம் பஸ்ஸுல படிக்கட்டுல தொங்கியே காலேஜ முடிச்ச பய நீ. உனக்குள்ள ஒரு கார்க்காரன் இத்தன நாளா ஒளிஞ்சிருந்திருக்கான், தாய்மாமன் எனக்கே தெரியலயே!

நான் சும்மா வேப்பமரத்தடியில உக்காந்து வாய் பேசுற ஆளில்ல. துபாய் தேராவுல வாடகைக் கார் யார்டுல சாவி எடுத்துக் குடுக்கிற சோலி பாத்தவன். வண்டி போறப்ப சிரிச்சுக்கிட்டே போறவன், திரும்ப வர்றப்ப எப்பிடி வருவான்னு பாத்துப் பாத்தே நரச்ச தல இது. அதனால நான் சொல்றதக் கேளு. கேக்காட்டியும் பரவால்ல, எனக்கும் பொழுது போகணும்ல.

மொதல்ல, சொந்த வண்டி பேச்ச விடு. உன் விசா எத்தன வருஷம்? ரெண்டு. கார் கடன் எத்தன வருஷம்? அங்க மத்திய வங்கி போட்ட சட்டப்படி வண்டி வெலையில நூத்துக்கு 80 வரைக்கும் பேங்க் குடுக்கலாம், அதிகபட்சம் 60 மாசத்துல கட்டணும். மிச்சம் 20 உன் மடியில இருந்து போகணும். நீயோ முழுசா 60 மாசத்துக்கும் இழுப்ப, சின்னத் தவணன்னா உனக்கு ஆச. ஆக, நீ அந்த ஊர்ல இருக்கப்போறது ரெண்டு வருஷம்னு சர்க்காரு சொல்லுது. அஞ்சு வருஷம்னு நீ பேங்க்ல கையெழுத்துப் போடுற. நீயே அந்த ஊருக்கு வாடகைக்கு வந்தவன்டா. உனக்கு எதுக்கு வண்டி மட்டும் சொந்தமா?

2009ல பணநெருக்கடி வந்தப்ப துபாய் ஏர்போர்ட்டுல வண்டிய அப்பிடியே நிப்பாட்டிட்டு ஊருக்கு ஏறிப் போனவங்க கதைய உலகமே பேசுச்சு. எண்ணிக்கைய ஆளாளுக்கு ஏத்திச் சொன்னாங்க, அத விடு. ஆனா வண்டிய விட்டுட்டு ஓடுனவன் அத வாடகைக்கா எடுத்திருப்பான்? கடன்ல வாங்குனவன்தான் ஓடுனான். வாடகைக்காரன் சாவிய மேசையில வச்சுட்டு வந்திருப்பான்.

சிங்கப்பூர்ல இருக்கிற உங்க பெரியப்பா பேரனக் கேட்டுப் பாரு. அங்க வண்டி வாங்குறதுக்கு முன்னாடி, வாங்குறதுக்கான உரிமைச் சீட்டையே ஏலத்துல எடுக்கணும். 1990ல கொண்டாந்தாங்க, மாசத்துக்கு ரெண்டு ஏலம். 2023 அக்டோபர்ல சின்ன வண்டிக்கான சீட்டு மட்டுமே 1,06,000 சிங்கப்பூர் டாலருக்குப் போச்சு. அந்தச் சீட்டுக்கும் ஆயுசு பத்தே வருஷம். அந்தக் காசுக்கு நம்ம வாடிப்பட்டிப் பக்கம் தோப்பே வாங்கலாம். அதனால கை நெறையச் சம்பாதிக்கிறவன்கூட அங்க வருஷ வாடகைக்கு எடுத்து ஓட்டிக்கிட்டிருக்கான், அவன் கவுரவம் ஒன்னும் கொறஞ்சு போகல. அதுலயும் ஒரு கூத்து உண்டு. அங்க பதிஞ்ச வண்டியில ஜொகூருக்குப் போனா டாங்கியில முக்கால்வாசிக்குக் கொறையாம எண்ணெய் இருக்கணும், இல்லாட்டி எல்லையிலயே திருப்பி விட்டுருவான். மலேசியாவுல மலிவா ஊத்திக்கிட்டு வந்துருவான்னு பயம். நம்ம ஆளுங்க புத்தி அந்த சர்க்காருக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு.

சரி, உன் கதைக்கு வருவோம். லைசென்ஸ்? மதுரையில ஆர்டிஓ ஆபீஸ்ல சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கி ஒறையில போட்டு வச்சிருக்கியாம். நல்லது, ஒரு வருஷத்துக்குச் செல்லும். விசிட் விசாவுல போனவன் அத நீட்டி வாடகை வண்டி எடுக்கலாம். ஆனா உனக்குக் குடியிருப்பு விசா விழுந்த நாள்ல இருந்து அது வெறும் காயிதம். அந்த நாட்டு லைசென்ஸ்தான் வேணும். வெள்ளக்காரன் நாட்டு லைசென்ஸ அப்பிடியே மாத்திக் குடுக்கிறவன் நம்ம லைசென்ஸ மட்டும் தூக்கிப் பாத்துட்டுக் கீழ வச்சுருவான். நம்ம ரோட்டப் பாத்திருப்பான்போல. ஏற்கெனவே லைசென்ஸ் இருக்கிறவன் வகுப்புக்குப் போகாம நேராப் பரீட்சைக்கு நிக்க ஒரே ஒரு வாய்ப்புன்னு 2023ல துபாய்ப் போக்குவரத்து ஆணையம் ஒரு வழி தொறந்துச்சு. தங்க வாய்ப்புன்னு பேரு. ஒரு தடவதான். தோத்தா எல்லாரோடயும் வகுப்புல போய் உக்காரணும். நீ உக்காந்துக்கிட்டே போ, உன் ஓட்டு எனக்குத் தெரியும்.

அங்க ரோட்டுல வலது பக்கம் போகணும். இதுக்கு நீ பயப்படத் தேவையில்ல. நாலுவழிச் சாலையில திருப்பம் தூரமா இருக்குன்னு பரவையில இருந்து எதிர்ச்சாரியிலயே வீட்டுக்கு வந்து பழகுனவன்தான நீ.

இனி யார்டு ரகசியம். வாடகைக் கம்பெனிக்கு லாபம் வாடகையில இல்ல மாப்ளே, நீ வண்டிய விடுற அன்னைக்குத்தான் இருக்கு. அந்தக் காலத்துல உழவுக்கு மாடு வாடகைக்குப் புடிச்சவனுக்கு இது தெரியும்: கூட்டிட்டுப் போறப்ப மாட்டுக்காரன் மூக்கணாங்கயிறக் கையில குடுத்துட்டுப் போயிருவான், திரும்புறப்ப கொம்புல இருந்து வால் வரைக்கும் தடவிப் பாத்து, இல்லாத தழும்புக்குக் காசு கேப்பான். அதனால சாவி கைக்கு வந்ததும் செல்ஃபி எடுக்காத. வண்டியச் சுத்தி வந்து வீடியோ எடு. பம்பர் அடி, வீல் ஓரம், கண்ணாடியில பொட்டுச் செதறல், உள்ள சீட்டு, ஓடுன கிலோமீட்டர், பெட்ரோல் முள்ளு, எல்லாம். வெளக்கு வெளிச்சத்துல சாவி குடுக்கிறேன்னு சொன்னா, காலையில வந்து வாங்கிக்கிறேன்னு சொல்லு. எங்க யார்டுல கீறல் வண்டியெல்லாம் ராத்திரியிலதான் போகும். நான் சொன்னேன்னு சொல்லாத.

பெறகு மாசத்துக்கு எத்தன கிலோமீட்டர் வரம்புன்னு கேளு. விளம்பரத்துல வாடகை கொட்ட எழுத்துல இருக்கும், வரம்பு எறும்பு மாதிரிப் பொடி எழுத்துல இருக்கும். தாண்டுன ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனிக் காசு. நீ ஷார்ஜாவுல இருந்து தெனம் போயி வரணும், லீவு நாள்ல கூட்டாளிகளோட ஃபுஜைரா மலைக்கும் போவ. அதயெல்லாம் கூட்டிப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடு. வரி சேத்தா, சேக்காமயா அதயும் கேளு. 2018ல இருந்து அங்கயும் நூத்துக்கு 5 வரி இருக்கு. முன்பணத்துக்குக் கிரெடிட் கார்டுல ஒரு தொகையப் புடிச்சு வப்பான். வண்டிய விட்டதும் அது திரும்பாது, வாரக்கணக்குல கெடக்கும். காரணம், நீ வாங்குன அபராதம் ஒன்னொன்னா ஆடி அசஞ்சு பின்னால வந்து சேரும். அங்க நம்மாளுக அத முகாலபாம்பாங்க. பேரு நல்லாத்தான் இருக்கு.

அந்த அபராதத்தப் பத்தி ரெண்டு வார்த்த. செவப்பு வெளக்கத் தாண்டுனா 1,000 திர்ஹாம், 12 கரும்புள்ளி, வண்டி 30 நாளைக்கு உள்ள. வாடகை வண்டி உள்ள போனா அந்த 30 நாளுக்கும் வாடகை யார் கட்டுவா? நீதான். 24 புள்ளி சேந்தா லைசென்ஸும் போச்சு. துபாயில போர்டுல 100ன்னு போட்டிருந்தா 120 வரைக்கும் கேமரா கண்ண மூடிக்கும். அந்த நெனப்புல அபுதாபிக்குள்ள போயிராத. 2018 ஆகஸ்ட்லயே அந்த 20 சலுகைய அவங்க எடுத்துட்டாங்க, போர்டுல உள்ளதுதான் கணக்கு. இன்னொன்னு: துபாயில வண்டிய அழுக்கோட ரோட்டோரத்துல போட்டு வச்சா 500 திர்ஹாம். இங்க உன் பைக்கக் கழுவச் சொல்லி உங்கப்பா எத்தன தடவ கத்துனாரு? அந்த ஊரு சர்க்காரு கத்தாது, கடுதாசி அனுப்பும்.

அப்பறம் சாலிக். துபாயில 2007ல வந்த சுங்க வளையம். சுங்கச்சாவடியில மாதிரி நிக்க வேணாம், வண்டி கீழ போனாலே காசு கழியும். 2025 ஜனவரி கடைசியில இருந்து நேரத்துக்கு ஒரு வெல: காலையில 6 மணியில இருந்து 10, சாயங்காலம் 4ல இருந்து 8, இந்த நேரத்துல 6 திர்ஹாம், மத்த நேரம் 4, நடுராத்திரி 1ல இருந்து 6 மணி வரைக்கும் சும்மா. நீ போகயில ரெண்டு வளையம், வரையில ரெண்டு வளையம்னு வையி. ஒரு நாளைக்கு 24. மாசம் 22 நாள் வேலைக்குப் போனா 528 திர்ஹாம். ரூம் வாடகையில பெரும்பங்கு அது. சில கம்பெனி வளையத்துக்கு ஒன்னு ரெண்டு கூடுதலா வச்சும் வாங்கும். அதயும் மொதல்லயே கேட்டுக்க. நடுராத்திரி ரெண்டு மணிக்கு வேலைக்குக் கெளம்பலாம்னு நீ யோசிக்கிறது எனக்குக் கேக்குது.

இடிச்சா? இங்க மாதிரி எறங்கி, சட்டக் கையச் சுருட்டி, யார் யாரு சொந்தக்காரன்னு விசாரிச்சு, ரெண்டாயிரத்துல முடிக்கிற சோலியெல்லாம் அங்க கெடையாது. போலீஸ் சீட்டு இல்லாம எந்த ஒர்க்ஷாப்பும் வண்டியத் தொடாது, இன்சூரன்ஸும் காசு தராது. தப்பு உன்மேலன்னா செவப்புச் சீட்டு, இல்லாட்டி பச்ச. செவப்பு வாங்குனா ஒப்பந்தத்துல எழுதியிருக்கிற தொகை வரைக்கும் உன் கையக் கடிக்கும். சீட்டே வாங்காம வந்தா முழு வண்டியும் கடிக்கும். ஓமான் போகணும்னா கம்பெனி சம்மதக் கடுதாசியும் அந்த நாட்டு இன்சூரன்ஸும் இல்லாம எல்லையத் தாண்டாத. மணல்ல எறக்கி வெளையாடவும் கூடாது. சின்ன வண்டிய மணல்ல எறக்குனா இன்சூரன்ஸ்காரன் ஒன்னயும் சேத்துக் கைகழுவிருவான்.

இவ்வளவு சொல்லியும் வாடகைதான் சரிங்கிறேன், ஏன்? முல்கியாங்கிற வண்டிப் பதிவுச் சீட்டப் புதுப்பிக்கிறது, ஆயில் மாத்துறது, டயரு, வருஷ இன்சூரன்ஸு எல்லாம் அவன் தலைவலி. வேல போச்சுன்னா சாவியக் குடுத்துட்டு வந்துரலாம். ஆனா வருஷ ஒப்பந்தத்துல மாச வாடகை கொறயுதுன்னு குதிச்சுப் போட்டுறாத. நடுவுல விட்டா அதுக்கும் ஒரு தண்டத் தொகை எழுதி வச்சிருப்பான். மாசாமாசம் எடு, கொஞ்சம் கூடப் போனாலும் போகட்டும். என்னக் கேட்டா மொத மூணு மாசம் அதுவும் வேணாம். 2009 செப்டம்பர்ல இருந்து துபாய்க்கு மெட்ரோ இருக்கு. ஷார்ஜாவுக்கு அது வரல, நெசந்தான். பஸ்ஸப் புடிச்சு வந்து அதுல ஏறு. படிக்கட்டுல மட்டும் தொங்க முடியாது, கதவு சாத்திரும்.

உன் அவசரத்துக்கு உள்காரணம் எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. பொண்ணு பாக்குறாங்க. கார்மேல சாஞ்சு, கூலிங்கிளாஸ் போட்டு, ஒரு படம் வேணும். அம்புட்டுத்தான? அதுக்கு ஒரு நாள் வாடகை போதும்டா. முல்கியா யார் பேர்ல இருக்குன்னு படத்துல தெரியாது. எம்பொண்ணுக்குக் கேப்பன்னு பாத்தேன், நல்லவேள நீ கேக்கல. படத்தப் பாத்து ஏமாற எங்க வீட்டுல ஆளில்ல.

கடைசியா, லீவுக்கு ஊருக்கு வர்றப்ப. அங்க பழகுன திமிருல இங்கயும் ஒரு மாசத்துக்கு வண்டி வேணும்ப. பக்கத்துத் தெருவுல எவனாவது தன் சொந்த வண்டிய, வெள்ள போர்டு வண்டிய, நாள் வாடகைக்குத் தர்றேம்பான். மலிவாத்தான் இருக்கும். 1988ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டப்படி அனுமதி இல்லாம அந்த வண்டிய வாடகைக்கு விடக் கூடாது. எவன்மேலயாவது மோதுனா, வாடகைக்கு ஓட்டுனதுன்னு இன்சூரன்ஸ்காரன் மோப்பம் புடிச்சா, நஷ்டஈட்ட உன் தலையிலயும் வண்டிக்காரன் தலையிலயும் கட்டப் பாப்பான். நாமளே ஓட்டிக்கிற வாடகை வண்டிக்குன்னு கறுப்பு போர்டுல மஞ்ச எழுத்து இருக்கும். அத எடு. தெருவுல நாலு பேரு இது வாடகை வண்டிதானன்னு கண்டுபுடிச்சுருவாங்கன்னு வெக்கமா இருந்தா, மஞ்ச போர்டு டாக்சிய டிரைவரோட புடி, பின்னால சாஞ்சு உக்காந்துக்க.

எந்த வண்டியா இருந்தாலும் சித்திரையில அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்குக் கோரிப்பாளையம் பக்கம் மட்டும் கொண்டு போயிராத. விளாங்குடியிலயே ஓரங்கட்டிட்டு நட. உங்கம்மாவுக்கு முட்டி வலி, அவள ஆட்டோவுல அனுப்பு. ஆட்டோக் காசு நீ குடு, திர்ஹாம்ல சம்பாதிக்கிறவன்தான.