கணக்குப் போட்டதால் செத்த கணினிகள்

அலுவலகத்துக்கென்று செய்யப்படும் கணினிக்கு அழகு கிடையாது. கறுப்போ சாம்பலோ ஒரு பெட்டி. அதன் அருமை பழுதான பிறகுதான் தெரியும். டெல் கம்பெனி 2003-ல் சந்தைக்கு விட்ட ஆப்டிபிளெக்ஸ் ஜி.எக்ஸ்.270-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்குரூடிரைவர் தேடி அலைய வேண்டாம்; பொத்தானை அழுத்தினால் பெட்டி வாயைப் பிளந்துகொண்டு விரியும். உள்ளே மெமரி, கார்டு, டிஸ்க் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். அதைவிடப் பெரிய விசேஷம், தனக்கு என்ன நோய் என்று அதுவே சொல்லும். நான்கு சின்ன விளக்குகள். எது எந்த நிறத்தில் எரிகிறது என்று பார்த்து, சர்வீஸ் கையேட்டோடு ஒப்பிட்டால், கோளாறு மெமரியிலா, கார்டிலா, மதர்போர்டிலா என்று பிடிபட்டுவிடும். திரை செத்துக் கிடந்தாலும் விளக்கு பேசும். பின்னால் வந்த மாடல்களில் நான்கு விளக்குகூட இல்லை. பவர் பொத்தான் ஒன்றே மஞ்சளில் இரண்டு முறை, வெள்ளையில் மூன்று முறை கண்ணடித்தால், மெமரி அகப்படவில்லை என்று அர்த்தம்.

இப்படி உண்மை பேசும் பெட்டியைச் செய்யத் தெரிந்தவர்கள், தாங்கள் பேச வேண்டிய நேரத்தில் என்ன பேசினார்கள் என்பதுதான் கதை.

மதர்போர்டில் கெபாசிட்டர் என்று குட்டிக் குட்டி உருளைகள் நிற்கும். மின்சாரத்தைச் சேர்த்து வைத்து ஏற்ற இறக்கமில்லாமல் கொடுப்பது அவற்றின் வேலை. அந்தக் காலத்து கெபாசிட்டர்கள் பலவற்றில் உள்ளிருந்த ரசாயனம் சரியில்லை. தலை உப்பும், பிளக்கும், பழுப்பாகக் கசியும். இதைக் கண்டுபிடிக்க எஞ்சினியர் தேவையில்லை. மூடியைத் திறந்து குனிந்து பார்த்தால் போதும். மற்ற கம்பெனிகளும் மாட்டிக்கொண்டன, ஆப்பிளின் ஐமேக் ஜி5 உட்பட. ஆனால் டெல்லின் கணக்கு தனி. 2003 மே முதல் 2005 ஜூலை வரை அது அனுப்பியதில் குறைந்தது 1 கோடியே 18 லட்சம் கணினிகளுக்கு இந்த ஆபத்து இருந்தது என்று பின்னால் நீதிமன்ற ஆவணங்கள் சொல்லின. டெல்லுக்காகவே நடந்த ஓர் ஆய்வு, கோளாறான கெபாசிட்டர் கொண்ட ஆப்டிபிளெக்ஸ்களில் மூன்றாண்டுக்குள் 97 சதவீதம் வரை மக்கர் செய்யலாம் என்றது. நூற்றுக்கு மூன்று பெட்டி தப்பிக்குமாம். அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால்.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையில் டெல் கணினிகள் வரிசையாக விழ ஆரம்பித்தன. டெல் ஆட்கள் வந்து பரிசோதித்தார்கள். காரணம் கண்டுபிடித்தார்கள்: கடினமான கணக்குகளைப் போட வைத்து எந்திரத்தை வதைத்துவிட்டீர்கள்!

கணிதத் துறை, ஐயா. கணக்குப் போட்டது குற்றம். கூட்டல் கழித்தலோடு நிறுத்தியிருக்க வேண்டும். கம்ப்யூட்டர் என்று பெயர் வைத்து விற்றதை நம்பிக் கணக்கு கொடுத்தது எவ்வளவு பெரிய அராஜகம்! இந்த நியாயப்படி வரலாற்றுத் துறையில் கணினி பழைய தேதிகளின் பாரம் தாங்காமல் சாகும். தத்துவத் துறையில் தற்கொலையே செய்துகொள்ளும். மைக்கேல் டெல் 1984-ல் மாணவராக இருந்து விடுதி அறையில் தொழிலைத் தொடங்கியது இதே பல்கலைக்கழகத்தில்தான். சோறு போட்ட வீட்டுக்குச் சொன்ன பதிலே இது.

வட கரோலினாவில் அட்வான்ஸ்டு இன்டர்நெட் டெக்னாலஜீஸ் என்ற கம்பெனிக்கு வேறு பதில். புழுக்கமான, நெருக்கடியான இடத்தில் வைத்துக் கசக்கிப் பிழிந்துவிட்டீர்கள். கூடவே ஒரு யோசனையும்: இன்னும் விலை கூடிய மாடலாக வாங்கிக்கொள்ளுங்களேன். அவர்கள் வாங்கவில்லை; 2007-ல் வழக்குப் போட்டார்கள்.

அந்த வழக்கின் காகிதங்கள் 2010-ல் நியூயார்க் டைம்ஸ் வழியாக வெளியே வந்தன. வாடிக்கையாளரிடம் நீங்களாக இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். நிச்சயமாகத் தெரியாது என்பதையே அழுத்திச் சொல்லுங்கள். போர்டு கெட்டது என்று பொருள்படும் சொல்லே வாயில் வரக் கூடாது. விற்பனை ஆட்களுக்குப் பாடம் இப்படி நடந்திருக்கிறது. நான்கு விளக்கு எரிந்து 'போர்டு போச்சு' என்று பெட்டி கத்துகிறது. அதை விற்றவன் 'அப்படிச் சொல்லிவிட முடியாதே' என்று இழுக்கிறான்!

சில இடங்களில் கெட்ட போர்டைக் கழற்றிவிட்டு இன்னொரு கெட்ட போர்டையே மாட்டியிருக்கிறார்கள். சுலபமாகத் திறக்கும் பெட்டியின் முழுப் பயனும் இங்கேதான் விளங்குகிறது. நிமிடத்தில் மாற்றலாம், ஆறு மாதம் கழித்து மறுபடியும் நிமிடத்தில் மாற்றலாம். வாடிக்கையாளனின் நாள் முழுக்கப் போனால் அது அவன் பாடு, அதைக் கையேட்டில் எழுத இடமில்லை.

அறியாமல் நடந்தது என்று சொல்லவும் வழியில்லை. 2005-லேயே இந்தப் போர்டுகளுக்காக 30 கோடி டாலரை டெல் தன் கணக்கில் செலவாகக் காட்டியது. முதலீட்டாளருக்கு எண்ணாகச் சொல்லத் தெரிந்திருக்கிறது. மேசையில் உட்கார்ந்து எழுதியதெல்லாம் தொலைந்து விழிக்கும் குமாஸ்தாவிடம் மட்டும் 'இடம் சூடாக இருக்கிறது'.

2010 செப்டம்பரில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. நிபந்தனைகள் ரகசியம். ஒன்றைச் சொல்ல விட்டுப்போயிற்று. இந்த வழக்கில் டெல்லுக்காக வாதாடிய வக்கீல் நிறுவனத்திலும் சந்தேகத்துக்குரிய கணினிகள் ஆயிரம் இருந்தன. அவற்றைச் சரிசெய்து தரவும் டெல் முரண்டு பிடித்தது. அவர்கள் என்ன கணக்குப் போட்டார்களோ!