சிரிக்க நான் இருக்கேன், நீங்க ஓடுங்க

தலைவர் தம்பி, சட்டை ரொம்ப அழகா இருக்கு. முதுகுல 'அவசர உதவிக் குழு'ன்னு பெரிய எழுத்து, நெஞ்சுல ஒரு மலை, ஒரு கை, ஒரு சூரியன். மலை சரியுற ராத்திரியில சூரியனுக்கு என்ன வேலைன்னு நான் கேக்க மாட்டேன். தலைவர் வந்தாச்சு, துணைத்தலைவர் வந்தாச்சு, பொருளே இல்லாத சங்கத்துக்குப் பொருளாளரும் வந்தாச்சு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது. மண்டபத்துச் சாவி யார்கிட்ட இருக்கு?

பாத்தீங்களா, ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறீங்க. அதே மூஞ்சிய ராத்திரி ரெண்டரை மணிக்கு, மழையில, கரண்டு இல்லாதப்போ பாக்கணும். ஏன் ரெண்டரைங்கறேன்னா, நம்ம ஊரு பேர உலகத்துக்கே சொன்ன அந்த மலைச்சரிவு ரெண்டரை மணி வாக்குலதான் வந்துச்சு. 2022 டிசம்பர் 16. இங்கேருந்து கெந்திங் ஏறுற ரோட்டோரம், கோத்தோங் ஜெயா பக்கம், ஒரு இயற்கைப் பண்ணை. பள்ளி விடுமுறை. கோலாலம்பூர் சீனப் பள்ளி ஆசிரியருங்க, அவங்க குடும்பம், இன்னும் பல ஊர்க்காரங்க, கூடாரம் போட்டுத் தூங்கிக்கிட்டு இருந்தவங்க 92 பேர். மேல இருந்த ரோட்டையும் இழுத்துக்கிட்டு மலை எறங்குச்சு. நாலரை லட்சம் கன மீட்டர் மண்ணுன்னு அதிகாரிங்க கணக்குச் சொன்னாங்க. 61 பேர் பொழைச்சாங்க, 31 பேர் போயிட்டாங்க. கடைசிப் புள்ளைய எடுத்தது டிசம்பர் 24. இந்த இடத்துல என் வாயில நையாண்டி வராது. தாண்டிப் போயிடறேன்.

பண்ணைக்கு அனுமதி இருந்துச்சாம், கூடாரம் போடத்தான் இல்லையாம். பொறவுதான் சொன்னாங்க. பொறவு சொல்றதுல நம்மள அடிச்சுக்க ஆளே கெடையாது. அடுத்த வருசம் வந்த அறிக்கை, விடாம பெஞ்ச மழைதான் காரணம்னு முடிச்சுது. மழை மேல யாரு கேஸ் போடறது?

பழிய வாய் இல்லாதது மேல போடறது இந்த உலு சிலாங்கூர்ல பழைய பழக்கம். 1883-ல கோலகுபுல அணைக்கட்டு ஒடஞ்சு ஊர அடிச்சுட்டுப் போச்சு. மாஜிஸ்திரேட்டா இருந்த வெள்ளைக்காரர் செசில் ரேங்கிங் அதுலதான் செத்தாரு. ஏன் ஒடஞ்சுதுன்னு கேட்டா, துரை ஆத்துல இருந்த வெள்ளை முதலையச் சுட்டுட்டாரு, அந்தக் கோவம்னு இன்னைக்கும் கதை சொல்றாங்க. முதலை எந்திரிச்சு வந்து நான் இல்லைன்னு சொல்லுமா? பழைய கட்டு, தேங்குன தண்ணி, கொட்டுன மழைன்னு சொன்னா யாரு ஒக்காந்து கேப்பா? ஆனா அதே ஊரு பின்னாடி ஒரு நல்ல காரியம் பண்ணுச்சு. ஈயச் சுரங்கத்து மண்ணு எறங்கி எறங்கி ஆறு மேடாகிப் போச்சு, மழைக்கு மழை ஊருக்குள்ள தண்ணி. 1926-லயும் பெரிய வெள்ளம். போதும்டா சாமின்னு கச்சேரி, கடை கண்ணி, சட்டி பானையோட மேட்டுக்குப் போயிட்டாங்க. இன்னைக்கு நீங்க மீன் சாப்பிடப் போற கோலகுபு பாரு அதுதான். ஒரு ஊரே ஓடுச்சு. யாரும் சிரிக்கல.

இங்கதான் நான் விசயத்துக்கு வரேன். நம்ம சனத்துக்கு மலைகிட்ட பயம் இல்ல, ஆத்துகிட்ட பயம் இல்ல, எதிர்வீட்டுக்காரன் சிரிப்புக்குத்தான் பயம். "மழைக்குப் பயந்து பாயச் சுருட்டிக்கிட்டு ஓடுனான் பாரு"ன்னு நாளைக்குக் கடையில பேசுவாங்களேன்னு, தண்ணி முட்டி வரைக்கும் வந்தாலும் டிவி பாக்கறான். என் கூட்டாளி ஒருத்தர் வீட்டுப் பின்கட்டுல விரிசல். கட்டை வெரலு உள்ள போகுது. தீபாவளி வருதுன்னு சிமெண்டு வச்சுப் பூசி, மேல இளம்பச்சை சாயம் அடிச்சாரு. தைப்பூசம் வரதுக்குள்ள விரிசல் சாயத்தையும் பொளந்துக்கிட்டு வந்துருச்சு. அப்பவாச்சும் ஆளக் கூப்பிட்டுக் காட்டுனாரா? முருகன் காலண்டர மாட்டி மறைச்சாரு. குன்றுதோறும் ஆடுற சாமிதான், இல்லைங்கல. குன்றே ஆடுனா அவரு என்னய்யா பண்ணுவாரு?

மலை சொல்லாம வராது தம்பி. நேத்து வரைக்கும் நல்லா சாத்துன கதவு இன்னைக்கு நெலையில இடிக்கும். வெளக்குக் கம்பம் ஒரு பக்கமா சாயும். சும்மா கெடந்த எடத்துல ஊத்துத் தண்ணி வரும், இல்ல தெளிவா வந்துக்கிட்டு இருந்தது கலங்கி வரும். வீட்டுக்குப் பின்னாடி மேட்டைத் தாங்கிச் சுவர் கட்டி, அதுல வரிசையா ஓட்டை விட்டிருக்காங்க பாருங்க, அது அணில் போறதுக்கு இல்ல. உள்ள ஊறுன தண்ணி வெளிய வடியறதுக்கு. பெருமழைக்கும் அதுல சொட்டுத் தண்ணி வரலைன்னா சுவருக்குப் பின்னாடி சேந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். நம்ம தங்கச்சி ஒண்ணு, பூரான் வருதுன்னு நாலு ஓட்டையில துணிய வச்சு அடைச்சிருக்கு. பூரான் வராதும்மா. சுவரே வீட்டுக்குள்ள வந்துரும்.

அந்தச் சரிவு மேல குப்பையக் கொட்டறது, கோழிக்கூண்டு கட்ட மண்ண வெட்டறது, லோங்காங்குல பழைய மெத்தையத் தள்ளறது, இதெல்லாம் யாரு பண்றான்னு நான் கேக்க மாட்டேன். இங்க ஒக்காந்திருக்கற நாலு பேர் ஏன் தலையக் குனியறீங்கன்னும் கேக்க மாட்டேன்.

டேய் பேராண்டி, ஹேன்போன உள்ள வை. உனக்குத்தான் இது. ஞாயித்துக்கிழமைன்னா கோழியத் தூக்கிக்கிட்டு உலு யாம் பக்கம் ஆத்துக்குப் போற கூட்டம் நீங்கதானே. நீ குளிக்கற எடத்துல வெயில் அடிக்கும், மேல மலையில கொட்டிக்கிட்டு இருக்கும். தண்ணி கலங்குச்சு, சருகும் குச்சியும் கூட்டமா மெதந்து வருது, நேரம் போகப் போகத் தண்ணி ஏறுது, மேல எங்கயோ ஒரு இரைச்சல். கெபாலா ஆயேர் வருதுன்னு அர்த்தம். அப்ப கோழிய எடுக்காத, செருப்பத் தேடாத, செல்பி எடுக்காத. கரையோரமா ஓடாம மேட்டப் பாத்து ஏறு. கோழி போனா போகட்டும், உங்க ஆயா வேற வாங்கிக் குடுப்பா.

அடுத்தது 999. போலீஸ், பொம்பா, ஆம்புலன்ஸ், பொதுத் தற்காப்புப் படை, எல்லாத்துக்கும் அந்த ஒரே நம்பர்தான். எடுக்கறவங்க மொதல்ல என்ன ஆபத்து, எந்த எடம்னு கேட்டுட்டு அந்தந்த எலாக்காவுக்கு மாத்தி விடுவாங்க. நம்மாளு பேசறதக் கேளுங்க.

"எந்த எடம்?"

"நம்ம கோயில் பக்கந்தான்."

"எந்தக் கோயில்?"

"அதாங்க, அரச மரத்துக் கோயில். பழைய டிஸ்பென்சரி இருந்துச்சே, அதுக்கு எதிர்ல."

டிஸ்பென்சரிய இடிச்சு இருவது வருசம் ஆச்சு. அந்தப் பொண்ணு எங்கயோ ஒரு ஊர்ல, காதுல மாட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கு. அதுக்கு உங்க அரச மரம் எப்படித் தெரியும்? தாமான் பேரு, ஜாலான் நம்பரு, வீட்டு நம்பரு, எத்தன பேர் மாட்டியிருக்காங்க, உங்க நம்பரு. அவ்வளவுதான். அதப் பெரிய எழுத்துல எழுதி ஐஸ்பெட்டிக் கதவுல ஒட்டுங்க. பதட்டத்துல பெத்த புள்ள பேரே மறந்து போகும், ஜாலான் நம்பரா ஞாபகம் வரும்? கேக்கறவங்க வைக்கச் சொல்றதுக்கு முன்னாடி போன வைக்காதீங்க. மாமியார் ஊர்லேருந்து கூப்பிட்டா எப்படி டக்குன்னு வைப்பீங்களோ, அந்தக் கெட்ட பழக்கம் இங்க ஆகாது.

வாட்ஸாப் குழுவப் பத்தி என்ன சொல்றது. காலையில ரோசாப்பூ, மத்தியானம் மருத்துவக் குறிப்பு, ராத்திரி எந்த நாட்டு வெள்ளமோ, அணை ஒடஞ்சுருச்சுன்னு ஒரு வீடியோ. மழை நாள்ல ரோசாப்பூவுக்கு லீவு விடுங்க. வானிலைத்துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு எச்சரிக்கை குடுக்குது. சிவப்பு வந்தா மூட்டையக் கட்டுன்னு யாரும் தனியாச் சொல்ல வேணாம். ஆத்துத் தண்ணி எவ்வளவு ஏறியிருக்குன்னு வடிகால் நீர்ப்பாசன இலாகா இன்டர்நெட்டுல நேரத்துக்கு நேரம் போடறாங்க. குழுவுல ஒருத்தர் அதப் பாத்துச் சொல்லட்டும். பதினஞ்சு பேரு பதினஞ்சு விதமா சொன்னா தண்ணிக்கே கொழப்பம் வந்துரும்.

இப்ப பெரட்டு. சின்னப் பசங்களுக்கு இது தெரியாது. தோட்டத்துல விடியறதுக்கு முன்னாடி மணி அடிக்கும், பெரட்டுக் களத்துல எல்லாரும் நிக்கணும். கிராணியாரு செக்ரோலப் பிரிச்சுப் பேர் படிப்பாரு. யாரு வரல, ஏன் வரல, காய்ச்சலா, புள்ள பொறந்திருக்கா, நேத்துக் கள்ளுக்கடையில விழுந்து கெடக்கானா, எல்லாம் அஞ்சு நிமிசத்துல தெரிஞ்சுரும். வேலை வாங்கத்தான் எண்ணுனாங்க, நம்ம மேல இருந்த பாசத்துல இல்ல. ஆனாலும் எண்ணுனாங்க. இப்ப தாமானுக்கு வந்துட்டோம், கேட்டு போட்டாச்சு, பக்கத்து வீட்டுல எத்தன பேருன்னு கேட்டா யாருக்குத் தெரியுது? அன்னைக்கு அந்தப் பண்ணையிலயும் மொதல்ல எத்தன பேர் உள்ள இருந்தாங்கன்னு கணக்கு மாறி மாறித்தான் வந்துச்சு. எண்ணிக்கை தெரியலைன்னா பொம்பாக்காரன் எதத் தேடுவான், எப்ப நிறுத்துவான்?

அதனால இந்தச் சங்கம் மொதல்ல போட வேண்டியது சட்டை இல்ல, செக்ரோல். வீட்டுக்கு வீடு போயி எழுதுங்க. யாரால நடக்க முடியாது, யாரு ஆக்சிஜன் வச்சிருக்காங்க, யாருக்குச் சிறுநீரகம் கழுவணும், யாரு தனியா இருக்காங்க, எந்தப் பொண்ணு மாசமா இருக்கு. ஒவ்வொரு பேருக்கும் எதிர்ல, யாரு போயி கையப் புடிச்சுக் கூட்டிட்டு வரதுன்னு இன்னொரு பேரு. மலாய்க்கார மக்சிக் பேரு, தவுக்கே பேரு எல்லாம் அதுல இருக்கணும். கோடியில கொங்சி வீட்டுல வங்காளதேசத்துப் பசங்க இருக்காங்களே, அவங்களையும் சேருங்க. பத்திரம் இல்லாத பயத்துல அவன் 999-க்குக் கூப்பிடவே மாட்டான். மண்ணு அவன்கிட்ட பெர்மிட் கேக்காது. எழுதி முடிச்சதும் எங்க வந்து நிக்கணும்னு ஒரு திடலச் சொல்லி, ஒரு ஞாயித்துக்கிழமை பெரட்டு வச்சுப் பாருங்க. நாசி லெமாக் உண்டுன்னு சொல்லுங்க. ஆபத்துக்கு வராதவனும் சம்பாலுக்கு வருவான்.

கெளம்பறப்போ மெயின் சுவிட்ச அணைங்க, கேஸ் தோங்க மூடுங்க. கையில ஒரு பை, அது எப்பவும் கட்டி ரெடியா கெடக்கணும். ஐசி, வீட்டு கெரான், இனிப்புநீர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, கண்ணாடி, டார்ச் லைட்டு, சார்ஜர். அரிசித் தோங்குக்குள்ள ஒளிச்சு வச்ச தாலிக்கொடிய ஞாபகமா எடுங்க. ஏம்மா மொறைக்கற? உன் வீட்டுல எங்க இருக்குன்னு நான் சொல்லலையே.

காடியக் காப்பாத்த தண்ணிக்குள்ள எறங்காதீங்க. 2021 டிசம்பர் 18, ஒரு மாசத்து மழை ஒரே நாள்ல கொட்டுச்சு. ஷா ஆலாம் ஸ்ரீ மூடா தாமான்ல சனம் கூரை மேல ஏறி நின்னுச்சு. கீழ காடிங்க மெதந்துச்சு. அந்த வெள்ளத்துக்கு அரசாங்கம் குடும்பத்துக்கு 1000 வெள்ளி குடுத்துச்சு. நிவாரண மையத்துக்கு வர மாட்டேன், சாக்குத் துணியில படுக்க மாட்டேன்னு வீராப்பு பேசுனவரெல்லாம் 1000 வெள்ளின்னதும் மொத வரிசையில நின்னதா கேள்வி. காசுக்காகவாச்சும் வாங்க, தப்பே இல்ல. வந்த ஒடனே நலத்துறைக்காரங்ககிட்ட பேரப் பதிஞ்சுருங்க. தண்ணி வடிஞ்சு வீடு கழுவறப்போ வெறுங்கால்ல எறங்காதீங்க, பூட்ஸ் போடுங்க. எலி மூத்திரக் காய்ச்சல் சேத்துலதான் இருக்கும், கால்ல சின்னப் புண்ணு போதும் அதுக்கு.

அப்புறம், சிரிப்பு. பொய் எச்சரிக்கையில பத்து தடவ மேட்டுக்கு ஓடிட்டு, ஒண்ணுமே நடக்காம பத்து தடவயும் திரும்பி வருவீங்க. வரட்டும். அப்ப சிரிக்கற வேலைய மொத்தமா என்கிட்ட குத்தகைக்கு விட்டுருங்க. திண்ணையில ஒக்காந்து, பாயோட வரவன் பானையோட வரவன் எல்லாரையும் பாத்து நான் ஒருத்தனே சிரிச்சு முடிச்சுடறேன். வேற யாரும் சிரிக்கக் கூடாதுன்னு சங்கத்துல தீர்மானம் போடுங்க. உங்க சங்கம் போட்ட தீர்மானத்துலயே உருப்படியானது அதுதான்.

திண்ணையில நான் எப்படி இருப்பேன்னு யோசிக்காத தலைவரே, செக்ரோல எடு. என் பேரையும் எழுது. முட்டி போச்சு, வலது காது கேக்காது, இடது காது வேண்டாததக் கேக்கும். கூப்பிட்டா வர மாட்டேன், இந்த மலைய நான் அறுபது வருசமா பாக்கறேன், எனக்குத் தெரியாதான்னு வம்பு பண்ணுவேன். ஒருத்தன் பத்தாது, ரெண்டு பசங்களப் போடு. தூக்கிட்டுப் போகட்டும். வழி பூரா திட்டுவேன், கண்டுக்க வேணாம். பல்செட்டு கட்டில் பக்கத்துல டம்ளர்ல கெடக்கும், அத மறக்காம எடுத்துட்டு வரச் சொல்லு. அது இல்லாம நான் திட்டுனா ஒருத்தனுக்கும் விளங்காது.