ரேஞ்ச் இல்லாத மூலை

ரோமிங் கட்டணம் இருந்தவரை கேரள எல்லையில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் குடும்பங்கள் ஒழுங்காக இருந்தன. வேலந்தாவளம் தாண்டினால் கோவை மாவட்டம். நாம் தாண்டாவிட்டாலும் போன் தாண்டிவிடும். தோப்புக்குள் நின்றபடியே தமிழ்நாட்டு டவரைப் பிடித்து, வருகிற அழைப்புக்கும் காசு பிடுங்கும். பொழுது சாய்ந்தால் என் மகன் அதை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டுத் தன் மகளோடு பல்லாங்குழி ஆடுவான்.

2015 ஜூன் 15 அன்று பி.எஸ்.என்.எல். ரோமிங்கில் வரும் அழைப்புகளை இலவசமாக்கியது. பல்லாங்குழி பரணுக்குப் போனது.

மூத்த பேத்தி கட்டணக் காலத்துப் பிள்ளை, வாயாடி. பேரன் இலவசக் காலம். நீளமாகப் பேசினால் பாதியிலேயே அப்பன் கண் கீழே போய்விடும் என்று கண்டுகொண்டவன், தந்தி அடிக்கிற மாதிரி பேசுகிறான்: "பசி." "ஃபீஸ்." "அழுகிப்போச்சு." என்ன அழுகியது என்று நாம்தான் தேட வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக் 1978இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தாய் கைக்குழந்தையின் எதிரே சில நிமிடம் முகத்தில் அசைவே காட்டாமல் உட்கார வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்படியொரு முகத்துக்கு அவர் தாய்மாரிடம் சொல்லிவைக்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் ஒரு வாட்ஸ்அப் குரூப் போதும்.

இடுக்கியில் என் மகள் வீடு, மூணாறு எஸ்டேட் லயம். கொரோனா காலத்தில், 2020 ஜூனில் விக்டர்ஸ் கல்விச் சேனலில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்பு தொடங்கியபோது, போனில் பாடம் பார்க்க ரேஞ்ச் தேடிப் பிள்ளைகள் மேடேறினார்கள். பாவம்தான். ஆனால் லயத்துக்குள் ரேஞ்ச் இல்லாததால், கொழுந்தெடுத்துவிட்டு வந்தவள் பிள்ளையோடுதான் சண்டை போட வேண்டியிருந்தது. அவன் நன்றாகப் பேசுகிறான்.

2 முதல் 4 வயதுவரை திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. நாற்பதை நெருங்குகிற அப்பனுக்குக் கணக்கு எதுவும் போடவில்லை.

பேரனே ஒரு வழி கண்டுபிடித்தான். அடுக்களைக்குப் பின்னால், ஆட்டுக்கல் மூலையில் ரேஞ்ச் சுத்தமாகக் கிடையாது. நோட்டை எடுத்துக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்து, "அப்பா, கணக்குல சந்தேகம்" என்பான். மகன் போனதும் போன் செத்துவிடும். ஏழாம் வாய்ப்பாட்டில் அவனுக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை.

"அப்பாரு, யாருகிட்டயும் சொல்லிராதீங்க" என்றான். வந்ததிலேயே நீளமான வாக்கியம்.

அடுக்களையில் ரேஞ்ச் இல்லை என்று மகன் ஃபைபர் இணைப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறான். மோடத்தை எந்தப் பிளக்கில் செருகுவார்கள் என்று பேரன் என்னிடம் விசாரிக்கிறான்.