பேக்கரிக்கு ஓடும் லேப்டாப்

பிர்மாசென்ஸ், ஜெர்மனி

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அத்தையின் கத்தரிக்காய் தொக்கு இல்லாத குறையைத் தவிர வேறு குறையில்லை.

ஜிஎஸ்டி கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் லேப்டாப் பக்கத்து ஷூ கம்பெனி வைஃபைக்கு ஓடிவிடுகிறது என்று புலம்பியிருந்தீர்கள். இங்கேயும் அதே கூத்துதான். இந்த ஊரும் ஒரு காலத்தில் நம்ம ஆம்பூர் மாதிரி ஷூ ஊர். இப்போது பல கம்பெனிகள் மூடிக்கிடக்கின்றன. நான் வீடியோவில் ஆம்பூர் சூப்பர்வைசரோடு ஷூவின் மேல்பாகத் தையலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன். வீட்டு வைஃபை கொஞ்சம் சுணங்கினால் போதும், லேப்டாப் கீழே இருக்கிற பேக்கரியின் இலவச வைஃபைக்குத் தாவிவிடும். என்றைக்கோ அங்கே உட்கார்ந்து பன் தின்றதை அது மறப்பதாக இல்லை. திரையில் ஊசி பாதித் தையலில் நிற்கும். "சார், தெரியுதா? சார்?" என்ற குரல் மட்டும் வரும்.

நம்ம தெருவில் பாஸ்வேர்டு கேட்டால் டீயும் சேர்ந்து வரும். இங்கே கேட்டால் சொத்தில் பங்கு கேட்டமாதிரி பார்க்கிறார்கள். அதற்கும் காரணம் இருக்கிறது. ஒருவர் விடுமுறைக்கு வெளியூர் போயிருந்த நேரத்தில், யாரோ அவருடைய வைஃபையில் புகுந்து ஒரு பாட்டை இணையத்தில் பகிர்ந்துவிட்டார்கள். கேஸ் கார்ல்ஸ்ரூஹேயில் இருக்கும் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2010 மே மாதம் தீர்ப்பு: நஷ்டஈடு கட்ட வேண்டாம், ஆனால் வைஃபையைச் சரியாகப் பூட்டி வைக்காததற்கு அவர்தான் பொறுப்பு. ஊரிலேயே இல்லாத மனுஷனுக்கு! 2017-இல் சட்டத்தைத் தளர்த்தினார்கள். பேக்கரிக்காரருக்குத் தைரியம் வந்தது, எனக்குத் தலைவலி வந்தது.

சரி, வைத்தியத்துக்கு வருகிறேன். விண்டோஸில் வைஃபை செட்டிங்ஸுக்குள் போய், ஏற்கெனவே சேர்ந்த நெட்வொர்க்குகளின் பட்டியலைத் திறங்கள். பக்கத்துக் கம்பெனி, லாட்ஜ், கல்யாண மண்டபம் எல்லாம் வரிசையாக நிற்கும். உங்களுடையதைத் தவிர மற்றதையெல்லாம் 'ஃபர்கெட்' கொடுத்துவிடுங்கள். முக்கியமாக, பாஸ்வேர்டு இல்லாதவை போயே ஆகவேண்டும். லேப்டாப் நெட்வொர்க்கின் பெயரைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது. அதே பெயரில் எவன் கடை விரித்தாலும் போய் உட்கார்ந்துவிடும். பாஸ்வேர்டு உள்ளதில் அந்தப் பயம் குறைவு. பாஸ்வேர்டு தெரியாத போலி, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு லேப்டாப்பை உள்ளே சேர்க்க முடியாது.

அதற்கும் அடங்காவிட்டால், 'நெட்ஷ்' என்று ஆரம்பிக்கும் இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. ஒன்று உங்கள் வைஃபையை அனுமதிக்கும். இன்னொன்று மற்ற எல்லாவற்றையும் தடுக்கும். பிறகு அக்கம்பக்கத்து வைஃபை எதுவும் பட்டியலில்கூடத் தெரியாது. தம்பியிடம் அனுப்பியிருக்கிறேன், அவனே அடித்துக் கொடுப்பான்.

ஒரே ஒரு விஷயம். தோல் விஷயமாகப் பெரியமேட்டுக்குப் போய்த் தங்கினால், கிளம்பும் முன் அந்தத் தடையை எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் லாட்ஜில் ஒரு வைஃபையும் தெரியாமல் ரிசப்ஷன் பையனோடுதான் சண்டை போடுவீர்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்