கயல்விழிக்கு 28 மார்க்

தமிழ்நாட்டில் குழந்தைக்குப் பெயர் வைப்பது இப்போது இரண்டு வேலை. பெயரைத் தேர்ந்தெடுப்பது ஒன்று, அதற்கு ஸ்பெல்லிங் பார்ப்பது இன்னொன்று. முதல் வேலையில் தகராறு வந்தால் பெரியவர் யாராவது நடுவில் புகுந்து முடித்துவைப்பார். இரண்டாவதில் தகராறு செய்வதே பெரியவர்கள்தான்.

என் தங்கை மகளுக்குக் கயல்விழி என்று முடிவானதில் இரண்டு வீட்டுக்கும் பெரிய சிரமம் இல்லை. மிருகசீரிடம் மூன்றாம் பாதம், 'க' எழுத்து. இது கொடுப்பினை. நட்சத்திரப் பாதம் ஒவ்வொன்றுக்கும் பஞ்சாங்கத்தில் ஓர் எழுத்து ஒதுக்கியிருக்கிறார்கள். அடுத்த நட்சத்திரமான திருவாதிரைக்குத் தள்ளிப்போய், மூன்றாம் பாதத்தில் பிறந்திருந்தால் 'ங' வந்திருக்கும். ங-வில் தொடங்கும் பெயரைக் குழந்தை தானே அழுது சொன்னால்தான் உண்டு.

பூசத்தின் பாடு இன்னும் மோசம். ஹூ, ஹே, ஹோ, டா. மூன்று கிரந்தம், மிச்சமுள்ள ஒன்று தமிழில் எந்தச் சொல்லுக்கும் முதலில் வராத எழுத்து. தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடி தூக்கி நடக்கிற நாட்டில், பூசத்தில் பிறந்த பிள்ளைக்கு எழுத்துப்படி முருகன் பெயரை வைக்க வழியில்லை. எங்கள் எதிர்வீட்டுப் பையன் பூசம். ஆகவே ஹேமந்த். அவன் பாட்டி பிடிவாதமாக "ஏமந்து, ஏமந்து" என்றுதான் கூப்பிடுகிறார். தெருவில் புதிதாகக் குடிவந்தவர்கள் யாரோ யாரையோ ஏமாற்றிவிட்டார்கள் என்று எட்டிப் பார்க்கிறார்கள்.

கயல்விழிக்கு அந்தத் தொல்லை இல்லை. தமிழில் அதை ஒரே விதமாகத்தான் எழுத முடியும். சம்பந்தி ஓய்வுபெற்ற தமிழாசிரியர். விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "ஐந்தெழுத்து. நமசிவாய மாதிரி" என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டார். பிறப்புச் சான்றிதழில் ஆங்கிலத்திலும் பெயர் வேண்டுமே என்று மாப்பிள்ளை வாயைத் திறந்தார். அன்றைக்குப் பிடித்தது சனி.

எல்லாம் 'ழ' செய்கிற வேலை. அதற்கு ஆங்கிலத்தில் இசட்டும் எச்சும் சேர்த்துப் போடுவது நம் வழக்கம். மலையாளத்துக்காரர்களும் கோழிக்கோட்டுக்கும் ஆலப்புழைக்கும் அதைத்தான் போடுகிறார்கள். ஆனால் வடக்கே போனால் அந்த இசட்டைப் பார்த்தவுடன் நாக்கு 'ஸ்' என்று சீறும். மாப்பிள்ளையோடு வேலை பார்க்கும் டெல்லி நண்பர் வாழ்த்து அனுப்பும்போதே குழந்தையைக் 'காயல்விசி' ஆக்கிவிட்டார். யாழ்ப்பாணத்தார் சாமர்த்தியசாலிகள், பெரும்பாலும் ஓர் 'எல்'லோடு விஷயத்தை முடித்துக்கொள்வார்கள். அவ்வளவு ஏன், தஞ்சையில் பெரிய கோவில் கட்டிய சோழனுக்கே ஆங்கிலச் சரித்திரப் புத்தகங்களில் 'எல்'தான். அவன் வந்து யாரையும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் என் அத்தை நியூமராலஜியோடு உள்ளே வந்தார்.

அவர் பார்ப்பது கீரோ முறை. கீரோ அயர்லாந்துக்காரர், 1936-இல் காலமானார். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து எட்டு வரை ஓர் எண். ஒன்பது எந்த எழுத்துக்கும் கிடையாது, அது புனிதமாம். கல்தேயர் காலத்துக் கணக்கு என்று சொல்லிக்கொள்வார்கள். "கல்தேயரிடம் இசட் இருந்ததா அம்மா?" என்று சம்பந்தி கேட்டதற்கு, "நம்பிக்கை இல்லாதவங்களுக்குப் பலிக்காது" என்று அத்தை பதில் சொன்னார். இதற்கு மேல் அறிவியல் பேச முடியாது.

பேப்பரும் பென்சிலும் வந்தன. கே 2, ஏ 1, ஒய் 1, மறுபடி ஏ 1, எல் 3, வி 6, ஐ 1, இசட் 7, எச் 5, கடைசி ஐ 1. கூட்டினால் 28. அத்தை கண்ணாடியைக் கழற்றினார். இருபத்தெட்டு ஆகாதாம். நம்பியவர் கைவிடுவார், சேர்த்தது நிற்காது, கோர்ட்டுக்கு நடக்க வேண்டும். குழந்தைக்கு அப்போது தொப்புள்கொடி விழுந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

இருபத்தெட்டு என்றால் பெயில் மார்க்தானே, ஓர் இசட் சேர்த்துப் போட்டால் சரியாக 35, பாஸ் பண்ணிவிடலாம் என்று யோசனை சொன்னேன். தாய்மாமன் சீர் செய்ய மட்டும் வந்தால் போதும் என்று தங்கை சொல்லிவிட்டாள். முப்பத்தைந்தும் ஆகாத எண்ணாம்.

கடைசியில் ஓர் ஐ கூட்டினால் 29. அது இருபத்தெட்டின் அண்ணன். ஒரு 'ஈ' சேர்த்தால் 33, அமோகம். எழுதிப் பார்த்தோம். சம்பந்தி உரக்கப் படித்தார்: "கயல்விழியே!" ஹாஜர் எடுக்கும்போது ஆசிரியர் தினமும் காதல் பாட்டுப் பாட வேண்டியிருக்கும் என்று அதைக் கைவிட்டோம்.

அத்தை ராத்திரி முழுக்க உட்கார்ந்து விடையைக் கண்டுபிடித்தார். இசட்டும் எச்சும் சேர்ந்து 12. அவற்றை எடுத்துவிட்டு ஓர் எல் போட்டால் 3. மொத்தம் 19. பத்தொன்பது சூரியனுடைய எண், கீரோவே தலைமேல் வைத்துக் கொண்டாடிய எண். அதாவது, பெண் பிரகாசிக்க வேண்டுமானால் 'ழ' போக வேண்டும்.

நாற்பது வருஷம் பிள்ளைகளை 'வாழைப்பழம்' சொல்லவைத்தே தொண்டை கட்டிப்போன மனிதரிடம் இதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு எனக்கு வந்தது. அவர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "தம்பி, என் பெயர் இராமசாமி. தமிழில் முதலெழுத்து இ. ஆங்கிலத்தில் ஆர். பென்ஷன் லிஸ்டில் என்னை இரண்டு இடத்தில் தேடுவார்கள், ஒரு இடத்திலும் இருக்க மாட்டேன். அந்தப் பாடு என் பேத்திக்கு வேண்டாம்" என்றார். தமிழில் ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்ற இலக்கணத்துக்காக அந்த இகரத்தைக் காப்பாற்றி வைத்திருப்பவர் அவர். விபீஷணனைக் கம்பன் வீடணன் என்று மாற்றிக்கொண்டதைச் சொல்லி, மாற்றுவதென்றால் தமிழுக்காக மாற்றலாம், கூட்டல் கணக்குக்காக மாற்றக் கூடாது என்பது அவர் கட்சி. எனக்கு அது நியாயமாகவே பட்டது. அத்தை இருந்ததால் சொல்லவில்லை.

அத்தையிடமும் முன்னுதாரணம் இருந்தது. "ஜெயலலிதா அம்மாவே 2001 வாக்கில இங்கிலீஷ் பேர்ல கடைசியா ஓர் ஏ கூட்டிக்கிட்டாங்க. தெரியுமா?" தெரியும். தமிழில் ஓர் எழுத்தும் மாறவில்லை என்பதும் தெரியும். சம்பந்தி பதிலுக்கு அரசாங்கத்தையே இழுத்தார். 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்றபடி மாற்றி ஆணை வந்தது. எழும்பூருக்கு இசட்-எச் கிடைத்தது. நல்ல விஷயம். ஆனால் வேலூருக்கு இரண்டு 'ஈ' போட்டதில் ஊரே வீலூர் ஆனது. கேலி தாங்காமல் சில நாளிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இந்தக் கதை தன் கட்சிக்குச் சாதகமா பாதகமா என்பது சம்பந்திக்கே பாதியில் சந்தேகமாகிவிட்டது.

கடைசியில் தீர்ப்புச் சொன்னது பதிவு அலுவலகத்துக் கம்ப்யூட்டர். அத்தையின் 19-ஐ ஆங்கிலத்தில் எழுதிய தாளோடு மாப்பிள்ளை போனார். சம்பந்தி கூடவே போனார், சும்மா பார்க்கத்தான் என்று. அங்கிருந்த பெண் ஆங்கில எழுத்தை அடித்தால் தமிழ் வருகிற முறையில் தட்டச்சு செய்பவர். தாளில் இருந்ததை அப்படியே அடித்தார். திரையில் தமிழில் வந்தது: கயல்விலி. சம்பந்தி மேஜையைப் பிடித்துக்கொண்டார். "விலி என்றால் என்னம்மா அர்த்தம்?" அந்தப் பெண் பாவம், "நீங்கதானே சார் குடுத்தீங்க" என்றார். பிரிண்ட் எடுப்பதற்குள் தடுத்தாகிவிட்டது. இசட்டும் எச்சும் உள்ளே போன பிறகுதான் அவர் மேஜையை விட்டார்.

அத்தைக்கும் மனக்குறை இல்லை. இனிஷியலைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்து, நல்ல எண் வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டார். இதைத்தான் முதல் நாளே செய்திருக்கலாம். நியூமராலஜியில் எனக்குப் பிடித்ததே இந்த வசதிதான், போதிய பொறுமை இருந்தால் எந்தப் பெயரும் பாஸாகிவிடும்.

பெயர் வைக்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிறப்பைப் பதிய 21 நாள்தான் கெடு, ஆனால் பெயர் முடிவாகாவிட்டால் பெயரில்லாமலே பதியலாம். ஓர் ஆண்டுக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதற்குப் பிறகும் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆகவே சண்டை போட நேரம் நிறையவே இருக்கிறது. ஆனால் 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து ஓட்டுநர் உரிமம் வரை பிறந்த தேதிக்கு அந்த ஒரு சான்றிதழ்தான் ஆதாரம். எந்த எழுத்தைப் போட்டாலும் சரி, பிரிண்ட் எடுக்கும் முன் திரையில் தமிழையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். முடிந்தால் ஒரு தமிழய்யாவைக் கூட்டிப் போங்கள்.