கடிக்காத செருப்பு

பாலாற்றங்கரையில் தோலையே ஜீவனோபாயமாகக் கொண்ட ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை முதலிய ஊர்களில், நாளை மறுநாள் பெங்களூருக்கோ சென்னைக்கோ புறப்பட்டுவிடச் சித்தமாயிருப்பவர் தெருவுக்கு ஒருவராவது உண்டு. இருபது வருஷங்களாக அவர் அப்படியேதான் இருப்பார். அவர்களுள் சிரேஷ்டரான நம் ஆம்பூர் நண்பரை ஊரார் 'நாளை மறுநாள்' என்றே அழைக்கிறார்கள்.

தோலை ரகம் பிரிப்பது அவர் உத்தியோகம். ஒரு தோலை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்து, உள்ளங்கையால் தடவி, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தி, ஆடு உயிரோடிருந்தபோது எந்த முள்வேலியில் உராய்ந்தது என்பதைக்கூடச் சொல்லிவிடும் அந்த மகானுபாவரின் காலில் கிடப்பதோ, வார் அறுந்து ஊக்குக் குத்திய ரப்பர்ச் செருப்பு.

"புதுசா ஒண்ணு வாங்கக் கூடாதாண்ணே?" என்பான் டீக்கடைப் பையன்.

"கடிக்கும்டா தம்பி."

அவருடைய வேதாந்தம் முழுவதும் இதில் அடக்கம்.

உலகம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. ஆவாரம்பட்டையில் ஊறிய தோல் குரோம் உப்பில் நீலம் பாரித்தது. பாதி பதனிட்ட நிலையில் கப்பலேறியது, 1970-களில் சர்க்கார் விதித்த கட்டுப்பாடுகளுக்குப் பின் ஷூவாக ஏறலாயிற்று. பாலாறு கெட்ட வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பினால், கழிவுநீரைச் சுத்திகரிக்காத ஆலை ஓடக் கூடாதென்றாயிற்று. இவை யாவற்றையும் அவர் மனமார ஆதரித்தார், உட்கார்ந்த இடத்திலிருந்தே. 2019-ல் ஜில்லாவைப் பிரித்தபோது, திண்ணையை விட்டு எழாமலே வேலூரிலிருந்து திருப்பத்தூர் ஜில்லாவுக்குக் குடிபெயர்ந்தார். அவர் வாழ்க்கையில் நடந்த ஒரே இடமாற்றம் அதுதான், அதுவும் சர்க்கார் செலவில்.

சென்ற ஞாயிறன்று, மருமகன் அனுப்பிய புது ஷூவை மாட்டிக்கொண்டு, பெட்டியும் கையுமாக ரயிலடிக்கு நிஜமாகவே புறப்பட்டார். வழியில் பிரியாணிக் கடையில் தம் உடைத்த வாசனை வந்தபோதும், சீரகச்சம்பாவும் கத்தரிக்காய்த் தொக்கும் கண்முன் நின்றபோதும், பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார் என்பதை அவர் கீர்த்திக்காகச் சொல்லியாக வேண்டும். ஆனால் பாலத்தருகே குதிகாலில் கொப்புளம் கண்டது. ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு திரும்பியவர், கடையில் இரண்டு பிளேட் முடித்துத் திண்ணையில் சாய்ந்து, அந்த ஷூவைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"தோல் முதல் ரகம், குறை சொல்லக் கூடாது," என்றார், மிகுந்த திருப்தியோடு, "கால்தான் இன்னும் பதமாகலே."