நம்பர் பிளேட் ஐந்திலக்கணம்: பிரிட்டனின் இறக்குமதிக் கார்களை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

கப்பலில் ஏறும் கன்டெய்னருக்கு உலகம் ஓர் அளவு கண்டுவிட்டது. அதற்குள் கட்டுண்டு வரும் காரின் நட்டு போல்ட்டுக்கும் எந்தத் துறைமுகத்திலும் செல்லுபடியாகும் அளவு உண்டு. அந்தக் காரின் பின்புறத்தில் நம்பர் பிளேட் உட்காரும் பள்ளத்துக்கு மட்டும் இல்லை. ஜப்பானில் அது 330க்கு 165 மில்லிமீட்டர். அமெரிக்க மாநிலங்கள் 1956-இல் 12 அங்குலத்துக்கு 6 அங்குலம், அதாவது ஏறக்குறைய 305க்கு 152 மி.மீ., என்று பேசி முடித்தன. பிரிட்டனிலோ தகடு நீளவாக்கில் 520க்கு 111. ஒவ்வொரு நாட்டாரும் அவரவர் தகட்டுக்கு ஏற்பத் தகரத்தை அழுத்திப் பள்ளம் செய்தார்கள். பிறகு அடுத்த நாட்டார் காரின் மேல் ஆசைப்பட்டார்கள். இவ்வாய்வு பிறந்தது அந்த ஆசையால்தான்.

களமும் கருதுகோளும்

ஆய்வுக்களம் பிரிட்டன். 1903-ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டத்தின்படி, 1904 ஜனவரி 1 முதல் அங்கே எண் இல்லாமல் கார் ஓட முடியாது. எழுத்துக்கு எழுத்து அளவு சொல்லும் 2001-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் நம் மூலநூல். முதன்மைக் கருவி, இழுத்தால் வந்து விட்டால் சுருண்டுகொள்ளும் அளவு நாடா.

கருதுகோள் இது: நம்பர் பிளேட் சட்டம் இயலாமைக்கு இரங்கும், ஆசைக்கு இரங்காது.

ஆய்வு முறையைத் தேடி அதிகம் அலையவில்லை. எதையும் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என ஐந்தாகப் பகுத்துவிட்டால் பாதி ஆய்வு முடிந்த மாதிரி என்பது நம் மரபு. மீதிப் பாதிக்குத்தான் நாடா.

இயல் 1: எழுத்து

நம்பர் பிளேட்டில் எழுத்தின் உயரம் 79 மி.மீ., அகலம் 50, கோட்டின் தடிப்பு 14. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே 11, தொகுதிக்கும் தொகுதிக்கும் நடுவே 33. ஓரத்தில் நாற்புறமும் குறைந்தது 11. அகல விதியிலிருந்து விலக்குப் பெற்றவை ‘1’ என்ற எண்ணும் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்தும். தமிழில் மாத்திரை குறைந்து ஒலிக்கும் உகரம் உண்டு; இங்கே உடல் இளைத்து நிற்கும் ஒன்று உண்டு. இரண்டையும் ஒப்பிட்டுத் தனியே ஓர் ஆய்வேடு எழுத இடமிருக்கிறது. எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

எழுத்தைச் சாய்க்கக் கூடாது. வளைக்கக் கூடாது. தகட்டைப் பிணைக்கும் திருகாணியின் கறுப்புத் தலையை இரண்டு ‘1’களுக்கு நடுவே வைத்து ‘எச்’ ஆக்கவும் கூடாது. இந்தக் கடைசிப் பிழையைப் புணர்ச்சி விகாரங்களுள் தோன்றலின்பாற் படுத்துக என்பாரும் உளர். அது பொருந்தாது, இது 1000 பவுண்டு வரை அபராதத்தின்பாற் படும்.

இயல் 2: சொல்

2001 செப்டம்பர் 1 முதல் பிரிட்டனில் புதுக் காருக்கு வழங்கும் எண்ணின் அமைப்பு: இரண்டு எழுத்து, இரண்டு இலக்கம், மூன்று எழுத்து. ‘ஏபி52 ஏபிசி’ என்பது போல. நடுவில் நிற்கும் இலக்கங்கள் காரின் வயதைக் காட்டிக்கொடுக்கும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் மாறும். காரை உள்ளதைவிட இளமையாகக் காட்டும் எண்ணைப் பொருத்தச் சட்டம் விடாது, முதுமையாகக் காட்டலாம். மனிதர்களுக்கு இவ்விதி இன்னும் நீட்டிக்கப்படவில்லை.

இறக்குமதிக் காருக்கு வயதைக் காட்டும் காகிதம் வேண்டும். காகிதமும் இல்லை, காரின் பூர்வீகமும் தெளிவில்லை என்றால் ‘க்யூ’ எழுத்தில் தொடங்கும் எண் கிடைக்கும். அந்தக் காருக்கு வேறு எண்ணை விலைக்கு வாங்கி மறைக்கவும் வழியில்லை.

சொல்லிலக்கணத்தில் மங்கலமும் இடக்கரடக்கலும் படித்தவர்கள் ஜப்பானியத் தகட்டைக் கண்டால் மகிழ்வார்கள். அங்கே தகட்டில் ஒரு ஹிராகானா எழுத்தும் இடம்பெறும். ஆனால் ‘ஷி’ வராது, அது சாவின் ஒலி. ‘ஹெ’யும் வராது, அது, இடக்கரடக்கிச் சொன்னால், வயிற்றுக் காற்றின் பெயர். 42, 49 என முடியும் எண்களையும் யாரும் கேட்டு வாங்கினாலன்றித் தருவதில்லை. அவற்றிலும் சாவின் சாயல் ஒலிக்கிறது. இவ்வளவு பார்த்துப் பார்த்துக் கொடுத்த எண்ணையும் கார் கப்பலேறுமுன் கழற்றி வாங்கிவிடுகிறார்கள். பின்தகட்டின் இடப்பக்கத் திருகாணியை மூடி, பதிவு வட்டாரத்தின் எழுத்து பொறித்த சிறு அலுமினிய முத்திரை ஒன்று இருக்கும். அதை உடைத்தால்தான் தகடு வரும். ‘கெய்’ எனப்படும் சிறுரகக் கார்களுக்கு மட்டும் அந்த முத்திரை கிடையாது.

இயல் 3: பொருள்

பொருள் அகம், புறம் என இருவகைப்படும். காருக்கும் உரிமையாளருக்கும் உள்ளது அகம். அதைப் பற்றி வெளியார் பேசுதல் முறையன்று. உரிமையாளருக்கும் அரசுக்கும் உள்ளது புறம்.

புறத்திணையின் துறைகள் வருமாறு. கார் வந்திறங்கிய 14 நாளுக்குள் வருவாய் மற்றும் சுங்கத் துறைக்கு ‘நோவா’ முறையில் அறிவித்தல். பத்து வயதுக்கு உட்பட்ட காராயின் பெரும்பாலும் ஐ.வி.ஏ. என்னும் தனி வாகன ஒப்புதல் சோதனைக்குக் கொண்டுபோய் நிறுத்துதல். பழைய காருக்கு வி55/5 படிவம் நிரப்பி ஸ்வான்சியில் உள்ள டி.வி.எல்.ஏ. என்னும் வாகனப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்புதல். பிறகு காத்திருத்தல். இந்தக் கடைசித் துறையைப் பாலைத்திணைக்கு உரியதாகக் கொள்வோரும் உளர்.

எண் வந்த பின்னும் நேரே கடைக்குப் போய்த் தகடு கேட்க முடியாது. பதிவு பெற்ற கடைக்காரர், கார் உம்முடையது என்பதற்கும் நீர் நீர்தான் என்பதற்கும் தனித்தனியே அத்தாட்சி கேட்பார். பார்த்த பின்பே அடித்துத் தருவார். தகட்டிலும் கடையின் பெயரும் அஞ்சல் குறியீடும் நிற்கும். பாட்டுக்குக் கீழே புலவர் பெயர் இருப்பது போல.

இயல் 4: யாப்பு

ஆய்வின் நெஞ்சு இவ்வியல். வாசகர் நாடாவை எடுத்துக்கொள்க.

‘ஏபி52 ஏபிசி’ என்பதை ஓரடியாக யாப்போம். ஏழு எழுத்துக்கு ஏழு ஐம்பது 350. முதல் தொகுதிக்குள் மூன்று இடைவெளி 33, இரண்டாம் தொகுதிக்குள் இரண்டு, 22, நடுவே 33. மொத்தம் 438. இருபுற ஓரம் 22 சேர்த்தால் 460. எவ்வளவு நெருக்கினாலும் தகடு இதற்குக் குறையாது. ஜப்பானியப் பள்ளமோ 330. அமெரிக்கப் பள்ளம் 305. ஓரடி யாப்பு தளை தட்டிற்று.

ஈரடியாக யாப்போம். மேலடி ‘ஏபி52’, கீழடி ‘ஏபிசி’. அகலம் 255, தாராளமாக உட்காரும். உயரம் பார்க்க வேண்டும். 79-உம் 79-உம் 158. அமெரிக்கப் பள்ளத்தின் உயரம் 152. ஒன்றன் தலையில் ஒன்றாக எழுத்தை ஏற்றினாலும் அடங்காது. ஜப்பானியப் பள்ளம் 165. மிச்சம் 7 மி.மீ. அடிகளுக்கு நடுவே 19, மேலும் கீழும் 22, ஆக 41 மி.மீ. சட்டம் கேட்கிறது. ஏழை வைத்துக்கொண்டு நாற்பத்தொன்றைக் கட்ட முடியாது.

எல்லாக் குறுக்கு வழியும் தொடங்குவது இந்த 34 மி.மீ. பற்றாக்குறையில்தான். இவ்விடத்து ஆய்வுலகில் மூன்று கொள்கைகள் உள. எழுத்தைத் தானே சுருக்கிக்கொள்வோர் ஒரு சாரார். நீண்ட தகட்டைப் பம்பரின் வளைவுக்கு வளைத்து ஒட்டுவோர் ஒரு சாரார். பள்ளத்தை வெறுமையாக விட்டுக் கீழே எங்கேனும் பட்டை அடித்துத் தொங்கவிடுவோர் மற்றொரு சாரார். மூன்றாமவரிடம் ஒன்று கேட்க வேண்டும். பின்தகட்டுக்கு இரவில் விளக்கொளி வேண்டும் என்பது விதி. விளக்கோ பள்ளத்துக்குள் இருக்கிறது. வெறுமைக்கு ஒளியூட்டிக்கொண்டும் எண்ணை இருளில் விட்டும் ஓடும் காருக்கு, ஆண்டுச் சோதனையான எம்.ஓ.டி.யில் என்ன பதில் வைத்திருக்கிறார்?

மூவரும் தேடியலைந்த விடை மூலநூலிலேயே புறனடையாக இருக்கிறது. இறக்குமதிக் காருக்கு எழுத்தின் உயரம் 64 மி.மீ., அகலம் 44, தடிப்பு 10, இடைவெளி 10 என வைத்துக்கொள்ளலாம். இப்போது ஈரடிக்கு 128. அமெரிக்கப் பள்ளத்திலும் 24 மி.மீ. மிச்சம். மேலடியின் எழுத்தகலம் 206, கேள்வியே இல்லை.

ஆனால் புறனடைக்கு நிபந்தனை மூன்று. கார் இறக்குமதியானதாக இருக்க வேண்டும். ஐரோப்பிய முழு வாகன வகை ஒப்புதல் பெறாததாக இருக்க வேண்டும். வழக்கமான எழுத்தைத் தாங்க அதன் கட்டமைப்பு இடம் தராததாக இருக்க வேண்டும். மூன்றும் ஒருங்கே வேண்டும். அமெரிக்காவிலிருந்து தனியே வந்த பழைய மஸ்டாங், இடமில்லை என்று நாடாவால் நிறுவினால் சிற்றெழுத்துப் பெறும். 2015-க்குப் பின் பிரிட்டனில் வலப்பக்க ஸ்டியரிங்கோடு நிறுவனமே விற்ற மஸ்டாங் பெறாது. அது ஒப்புதலோடு வந்தது, அதற்கு இடமும் உண்டு. பெயரும் குதிரைச் சின்னமும் ஒன்றுதான். எனினும் ஒன்றன் இயலாமை சட்டத்துக்குத் தெரியும். மற்றதன் ஆசையும் தெரியும்.

இயல் 5: அணி

முன்தகடு வெள்ளை, பின்தகடு மஞ்சள், எழுத்து கறுப்பு. இதற்கு மேல் உவமை உருவகம் எல்லாம் அளவோடுதான். 2021 செப்டம்பர் 1 முதல் பொருத்தும் புதுத் தகட்டில் எழுத்து முழுக் கறுப்பாக இருக்க வேண்டும்; இருவண்ண நிழல் போட்டு எழுத்தைப் புடைப்பதாகக் காட்டும் வேலை நின்றது. உண்மையாகவே புடைத்த எழுத்துக்குத் தடையில்லை, மற்ற அளவுகள் சரியாக இருந்தால். பொய்யணி விலக்கி மெய்யணி கொண்ட சட்டம் எனப் போற்றுக.

1980-க்கு முன் செய்து, பழங்கால வாகன வரி வகுப்பில் பதிந்த கார்கள் கறுப்புத் தகட்டில் வெள்ளி எழுத்து அணியலாம். வேறு எதற்கும் அந்த அழகு இல்லை.

ஒப்பீடு

ஒப்பீடு இல்லாத ஆய்வு செல்லாது என்பதால் இந்தியா. 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வாகனம் அனைத்துக்கும் உயர்பாதுகாப்புத் தகடு கட்டாயம். காருக்கு அளவு இரண்டு: 500க்கு 120, அல்லது 340க்கு 200. ஜப்பானியப் பள்ளத்துக்கு முன்னது நீளம், பின்னது உயரம். தகட்டைப் பூட்டும் ‘ஸ்னாப் லாக்’ ஒருமுறை மாட்டினால் உடைத்துத்தான் எடுக்க முடியும். ஜப்பானிய முத்திரையின் தத்துவமும் அதுவே. பள்ளத்தின் அளவில் ஒன்றுபடாத நாடுகள் சந்தேகத்தில் ஒன்றுபடுகின்றன.

முடிவுரை

இறக்குமதிக் கார் வைத்திருப்போர் முதலில் பள்ளத்தை அளக்க. அடுத்துத் தம் எண்ணை ஓரடியாகவும் ஈரடியாகவும் 79-இல் கணக்கிடுக. இரண்டும் அடங்காது, காருக்கு வகை ஒப்புதலும் இல்லை என்றால் 64-ஐக் கேட்டுப் பெறுக. இரண்டில் ஒன்று அடங்கினால், அழகாயில்லை என்ற காரணத்தைக் கடைக்காரரிடம் சொல்லாதிருக்க.

கருதுகோள் நிறுவப்பட்டது என்று முடித்திருப்போம். கடைசி நேரத்தில் ஓர் எதிர்ச்சான்று கிடைத்தது. எழுத்தைச் சுருக்கத்தான் தடை. எண்ணைச் சுருக்கத் தடையில்லை. டி.வி.எல்.ஏ.வே குட்டி எண்களை ஏலம் விடுகிறது. 2014-இல் ‘25 ஓ’ என்ற எண், கட்டணங்கள் சேர்த்து 5 லட்சம் பவுண்டுக்கு மேல் போயிற்று; ஒரு ஃபெராரிக்காக. அதை முழு அளவு எழுத்தில், ஓரடியில், ஓரம் உட்பட யாத்துப் பார்த்தோம்: 216க்கு 101. ஜப்பானியப் பள்ளமானாலும் அமெரிக்கப் பள்ளமானாலும் நடுவில் சாய்ந்து உட்காரும். எந்தப் புறனடையும் வேண்டாம்.

எனவே கருதுகோளைத் திருத்தி, இவ்வாய்வு கண்ட முடிவாக இங்குப் பதிவு செய்கிறோம்: நம்பர் பிளேட் சட்டம் இயலாமைக்கு இரங்கும், ஆசைக்கு இரங்காது, விலை சொல்லும்.